பன்னிரண்டாம் நாள் வந்த சிவப்புப் புள்ளி

என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அதன் மேனியில் ஒரு மச்சம்கூட இல்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் குளிப்பாட்டும்போதுதான், இடது கண்ணின் மேலிமையில் வெளிறிய ஒரு திட்டையும் அதன் நடுவே நூல் நூலாக ஓடிய சில சிவப்புக் கோடுகளையும் அம்மா பார்த்தார். கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் வாரத்தில் அது மிளகு அளவுக்குச் சிவந்தது. ஆறாம் வாரத்தில் பட்டாணி அளவுக்கு எழும்பி நின்றது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய எங்கள் பாட்டி, "கிரகணத்தன்னிக்கு வெளிய போயிருப்பா" என்றார். பக்கத்து வீட்டு அத்தை, "மாசமா இருக்கும்போது ரம்புத்தான் மேல ஆசப்பட்டு, கிடைக்காம போயிருக்கும்" என்றார். இருவருமே அன்பானவர்கள்தாம். ஆனால் பச்சை உடம்புக்காரியான என் தங்கை இரவெல்லாம் அழுதாள். "அக்கா, நீ அறிவியல் டீச்சர்தானே? நான் என்ன தப்பு செஞ்சேன், சொல்லு" என்று என்னைக் கேட்டாள்.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு மருத்துவர்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் மாணவர்களே, இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டிலும் தம்பி, தங்கை, அக்காள் பிள்ளை என்று யாராவது ஒரு குழந்தைக்கு இது வரலாம். ஏனென்றால் இது அபூர்வமான ஒன்று அல்ல. நூறு குழந்தைகளில் நான்கு அல்லது ஐந்து பேருக்கு வருகிறது.

இதன் பெயர் ஹெமாஞ்சியோமா. தமிழில் 'இரத்தநாளக் கட்டி' என்று சொல்லலாம். கட்டி என்றதும் புற்றுநோயோ என்று பயப்பட வேண்டாம். இது தீங்கற்ற கட்டி. உடம்பின் வேறு இடத்துக்குப் பரவாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. குழந்தைப் பருவத்தில் வரும் கட்டிகளிலேயே மிகவும் பரவலானது இதுதான்.

இரத்த ஓட்டப் பாடத்தில் தமனி, சிரை, தந்துகி என்ற மூன்று வகை இரத்தநாளங்களைப் படித்திருப்பீர்கள். தந்துகியின் சுவர் ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்களால் ஆனது. சாதாரணமாக, திசுவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டுமோ அந்த அளவுக்குத்தான் உடல் தந்துகிகளை வளர்க்கும். புண் ஆறும்போது புதிய நாளங்கள் முளைக்கும். ஆறியதும் அந்த வேலை நின்றுவிடும். வளரச் சொல்லும் வேதிக் கட்டளையும் நிறுத்தச் சொல்லும் கட்டளையும் எப்போதும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. ஹெமாஞ்சியோமாவில் வளரச் சொல்லும் கட்டளை சில மாதங்களுக்கு ஓங்கிவிடுகிறது. தந்துகிச் சுவரின் உயிரணுக்கள் பெருகிப் பெருகி, ஒரு சிறிய இடத்தில் இரத்தம் ஓடும் குழாய்கள் மொய்த்துக்கொள்கின்றன. தோலின் மேற்பகுதியில் இருந்தால் செக்கச் சிவப்பாகத் தெரியும். ஆழத்தில் இருந்தால் மேலே நீலம் பாய்ந்த வீக்கம் மட்டும் தெரியும்.

ஏன் ஓங்குகிறது என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல தடயம் 2000ஆம் ஆண்டில் கிடைத்தது. அமெரிக்க நோயியல் மருத்துவர் பௌலா நார்த்தும் அவருடைய குழுவினரும் இந்தக் கட்டிகளின் உயிரணுக்களில் 'குளுட்-1' என்ற புரதம் இருப்பதைக் கண்டார்கள். குளுக்கோஸை உயிரணுவுக்குள் ஏற்றிவிடும் புரதம் அது. சாதாரணத் தோலின் இரத்தநாளங்களில் அது இருக்காது. ஆனால் தாயையும் சேயையும் இணைக்கும் நச்சுக்கொடியின் நாளங்களில் உண்டு! அப்படியானால் நச்சுக்கொடியின் உயிரணுக்கள் சில கருவின் தோலில் வந்து தங்கிவிட்டனவா? அல்லது ஆக்சிஜன் குறைந்த ஓர் இடத்தில் மூல உயிரணுக்கள் விழித்துக்கொண்டு நச்சுக்கொடியைப் போல நடந்துகொள்கின்றனவா? ஆய்வாளர்களிடையே இது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், எடை குறைந்த குழந்தைகளுக்கும், இரட்டைக் குழந்தைகளுக்கும் இது அதிகம் வருகிறது என்பது மட்டும் உறுதி. ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது.

இந்தப் பட்டியலில் கிரகணம் இல்லை. ரம்புத்தானும் இல்லை.

பாட்டியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஸ்பானிய மொழியில் பிறவி மச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு 'ஆசை' என்றும் பொருள். இத்தாலிய மொழியிலும் அப்படித்தான். கர்ப்பிணியின் நிறைவேறாத ஆசை குழந்தையின் தோலில் பதிந்துவிடுகிறது என்ற எண்ணம் உலகம் முழுவதும் இருந்திருக்கிறது. மருத்துவர்கள் மட்டும் என்னவாம்? ஸ்ட்ராபெர்ரி மச்சம், செர்ரி மச்சம், போர்ட் ஒயின் கறை, சால்மன் திட்டு என்று எல்லாப் பெயர்களையும் சாப்பாட்டு மேசையிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்!

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல

இந்தச் சாப்பாட்டுப் பெயர்களால் ஒரு பெரிய குழப்பம் நீண்ட காலம் இருந்தது. தோலில் சிவப்பாகத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டார்கள். 1982இல் பாஸ்டனைச் சேர்ந்த ஜான் மல்லிக்கன், ஜூலி குளோவாக்கி என்ற இருவர் அதை இரண்டாகப் பிரித்தார்கள். நிறத்தைப் பார்க்காமல் உயிரணுக்கள் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்தார்கள். ஒரு வகையில் உயிரணுக்கள் வேகமாகப் பிரிந்து பெருகுகின்றன, அதுதான் ஹெமாஞ்சியோமா. இன்னொரு வகையில் உயிரணுக்கள் அமைதியாகவே இருக்கின்றன; கருவில் நாளங்கள் உருவானபோதே அமைப்பு கோணலாகிவிட்டது, அவ்வளவுதான். போர்ட் ஒயின் கறை இந்த இரண்டாம் வகை. அது பிறக்கும்போதே இருக்கும், குழந்தையோடு சேர்ந்து வளரும், தானாக மறையாது.

ஆகவே வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என்ன நிறம்?" என்பதல்ல, "பிறந்தபோதே இருந்ததா, பிறகு வந்ததா?" என்பதுதான். ஹெமாஞ்சியோமா பெரும்பாலும் பிறந்த முதல் சில வாரங்களில்தான் தலைகாட்டும். நம் குழந்தைகள் பலருக்கு முதுகிலும் பிட்டத்திலும் இருக்கும் நீலத் திட்டு இதற்குச் சம்பந்தமே இல்லாதது. அது நிறமி, இரத்தநாளம் அல்ல.

வளர்ச்சிக் கோடு

கணிதப் பாடத்தில் கோட்டுப்படம் வரைந்து பழகியவர்கள் இதை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கிடையச்சில் வயது, செங்குத்தச்சில் கட்டியின் அளவு. முதல் இரண்டு வாரம் கோடு தரையோடு கிடக்கிறது. ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை செங்குத்தாக ஏறுகிறது. மூன்றாம் மாதத்துக்குள் பெரும்பாலான கட்டிகள் தங்கள் முழு அளவில் 80 விழுக்காட்டை எட்டிவிடுகின்றன. ஐந்தாம் மாதத்தோடு பலவற்றின் வளர்ச்சி ஓய்ந்துவிடுகிறது. பிறகு கோடு சமமாகப் போகிறது. ஒரு வயதையொட்டி மெல்ல இறங்கத் தொடங்குகிறது. நடுவில் சாம்பல் பூத்தது போன்ற வெளுப்பு தெரிந்தால் இறக்கம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நான்கு வயதுக்குள் பத்தில் ஒன்பது கட்டிகள் சுருங்கி முடிந்துவிடுகின்றன.

ஏற்றத்துக்குச் சில வாரங்கள், இறக்கத்துக்குச் சில ஆண்டுகள். இந்தக் கோட்டின் வடிவத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

தானாகச் சுருங்கும் என்றால், தோல் முன்போலவே ஆகிவிடும் என்று பொருளல்ல. பெரிதாக எழும்பி நின்ற கட்டி வடியும்போது, காற்றுப் போன பலூன் போலத் தொய்ந்த தோலையும் கொஞ்சம் கொழுப்பையும் சில மெல்லிய சிவப்புக் கோடுகளையும் விட்டுச் செல்லலாம். சில வருடங்களுக்கு முன் நான் கற்பித்த வகுப்பில் ஒரு மாணவியின் கன்னத்தில் அப்படிப்பட்ட தோல் இருந்தது. அவள் எப்போதும் முடியை அந்தப் பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவாள். வகுப்பில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். தீப்பட்ட காயம் என்றே நானும் நினைத்திருந்தேன். விசாரிக்கவும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ரேடியத்திலிருந்து 'சும்மா விடுங்கள்' வரை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவர்கள் இந்தக் கட்டிகளைச் சும்மா விடவில்லை. வெட்டினார்கள், சுட்டார்கள், உறைய வைத்தார்கள். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ரேடியத்தையும் எடுத்து வைத்தார்கள். ஸ்வீடன் நாட்டில் 1920களிலிருந்து ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகளுக்கு ஹெமாஞ்சியோமாவுக்காகக் கதிரியக்கச் சிகிச்சை கொடுக்கப்பட்டது. கட்டி மறைந்தது, பெற்றோர் மகிழ்ந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, வளர்ந்துவிட்ட அந்தக் குழந்தைகளின் பதிவுகளை ஆய்வாளர்கள் தேடி எடுத்துப் பார்த்தபோது, தைராய்டுப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் அவர்களிடையே வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. தானாகப் போகும் ஒன்றைப் போக்க, போகவே போகாத ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள்.

"இது தானாகவே போகும்" என்பதை எண்ணிக் காட்டியவர் லிஸ்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். (கிருமிநாசினி லிஸ்டர் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அவர் எந்தச் சிகிச்சையும் கொடுக்காமல் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து, கட்டிகள் எப்படி வளர்ந்து எப்படித் தேய்கின்றன என்று 1938இல் லான்செட் இதழில் எழுதினார். கருவியும் மருந்தும் இல்லாமல், பொறுமையை மட்டும் வைத்துச் செய்த ஆராய்ச்சி. காலப்போக்கில் "சும்மா விடுங்கள், தானாகப் போய்விடும்" என்பதே மருத்துவப் பாடமாயிற்று. அது எத்தனையோ குழந்தைகளைத் தேவையற்ற கத்தியிலிருந்தும் கதிரியக்கத்திலிருந்தும் காப்பாற்றியது.

அந்த நல்ல பாடம்தான் என் தங்கை மகளுக்கு ஏறக்குறைய கெடுதலாக முடிந்திருக்கும்.

ஆறாம் வாரத்தில் நாங்கள் காட்டிய ஒரு கிளினிக்கில், "இது ஸ்ட்ராபெர்ரி மச்சம். பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் மறைந்துவிடும். போய் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்கு உயிர் வந்தது போல் இருந்தது. சொன்னதும் பொய்யில்லை. ஆனால் இரண்டு மாதத் தடுப்பூசிக்குப் போனபோது, ஊசி போட வந்த மிஸி ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் முகத்தையே பார்த்தார். பிறகு ஒரு சின்ன டார்ச் விளக்கை இப்படியும் அப்படியும் அசைத்தார். "இந்தக் கண்ண முழுசா திறக்கலியே. எத்தன நாளா இப்படி?" என்று கேட்டார். நாங்கள் யாருமே அதைக் கவனித்திருக்கவில்லை. எங்கள் பார்வையெல்லாம் கட்டியின் மேலேயே இருந்தது; கட்டிக்குப் பின்னால் இருந்த கண்ணை யாரும் பார்க்கவில்லை.

காத்திருக்காத கண்

பிறந்த குழந்தைக்குக் கண் இருக்கிறது, தெளிவாகப் பார்க்கத் தெரியாது. பார்ப்பது என்பது மூளை கற்றுக்கொள்ளும் ஒரு பாடம். 1960களில் டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஓர் இமையைச் சில வாரங்கள் மூடித் தைத்துவைத்து, பிறகு திறந்தார்கள். கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணால் பூனைக்குப் பார்க்கத் தெரியவில்லை. மூளையில் அந்தக் கண்ணுக்கு உரிய இடத்தை மற்றக் கண் எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அதே போல மூடியபோது எதுவும் ஆகவில்லை. கற்றுக்கொள்ளும் பருவம் என்று ஒன்று இருக்கிறது, அது கடந்தால் கடந்ததுதான் என்று தெரிந்தது. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குழந்தையின் இமைமேல் வளரும் கட்டியும் இதையே செய்யக்கூடும். இமை தொங்கி ஒளியை மறைக்கலாம். அப்படி முழுதாக மறைக்காவிட்டாலும், கட்டி விழியை அழுத்தி அதன் முன்புற வளைவைக் கோணலாக்கலாம். விரலால் ஒரு பந்தை அழுத்திப் பாருங்கள், உருண்டை நீள்வட்டமாகிவிடும். கோணலான விழியில் பிம்பம் மங்கலாக விழும். மங்கலான செய்தியை அனுப்பும் கண்ணை மூளை ஒதுக்கிவிடும். இதைச் 'சோம்பல் கண்' என்கிறார்கள். நான்கு வயதில் கட்டி தானாக மறையும்போது, அந்தக் கண்ணின் பார்வை திரும்பி வராமலே போகலாம்.

மேலே நீங்கள் வரைந்த கோட்டை இப்போது எடுத்துப் பாருங்கள். கட்டியின் வேகம் வாரக் கணக்கில். இறக்கம் ஆண்டுக் கணக்கில். கண் கற்றுக்கொள்ளும் காலமோ அந்த முதல் மாதங்கள்தாம். "ஐந்து வயது வரை பார்ப்போம்" என்பது முதுகில் இருக்கும் கட்டிக்குச் சரி. இமையில் இருக்கும் கட்டிக்குச் சரியில்லை.

இமை மட்டுமல்ல. உதட்டில் வந்தால் புண்ணாகும். பால் குடிக்க முடியாது. மூக்கு நுனியில் வந்தால் குருத்தெலும்பின் வடிவம் மாறும். தாடையிலும் கழுத்திலும், அதாவது ஆண்களுக்குத் தாடி வளரும் பகுதியில், பரவலாக வந்தால் மூச்சுக்குழலுக்குள்ளும் ஒன்று இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தை மூச்சு இழுக்கும்போது கரகரவென்று சத்தம் கேட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. முகத்தில் உள்ளங்கை அளவுக்குப் படர்ந்திருந்தாலோ, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பின் மேல் இருந்தாலோ உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உடம்பில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறிய கட்டிகள் இருந்தால், கல்லீரலிலும் இருக்கலாம் என்பதால் வயிற்றை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். இப்படிப்பட்ட குழந்தைகளை ஒரு மாத வயதையொட்டியே நிபுணரிடம் காட்டிவிடுவது நல்லது என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. நாங்கள் ஒரு மாதம் பிந்திவிட்டோம்.

சில சமயம் கட்டியில் கீறல் பட்டு இரத்தம் வரும். அதற்குள் அத்தனை நாளங்கள் இருப்பதால் வீட்டில் எல்லாரும் அலறுவார்கள். சுத்தமான துணியால் பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். இடையிடையே துணியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் நிற்காது. நின்றாலும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சிங்கப்பூரில் பாடம் நடத்திய இளைஞர்

மிஸி எழுதிக்கொடுத்த கடிதத்தோடு ஈப்போவுக்குப் போனோம். அங்கே கண் மருத்துவரும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து பார்த்து எழுதிய மருந்தின் பெயரைக் கேட்டதும் என் அப்பா திகைத்துப் போனார். "புரோப்ரனோலாலா? அது இதய மருந்தாச்சே! எங்களோட வேல செஞ்ச கிராணி ஒருத்தர் இரத்த அழுத்தத்துக்கு அதத்தான் சாப்பிட்டாரு!"

அப்பா சொன்னது சரிதான். இந்த மருந்துக்கு நம் வட்டாரத்தோடும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் மருத்துவம் படித்து முடித்தபோது கையில் கடன்தான் இருந்தது. அதை அடைக்க வேண்டி, 1947இல் சிங்கப்பூரிலிருந்த ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். மலாயாவின் மருத்துவர்கள் பலரை உருவாக்கிய கல்லூரி அது. 1949இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பகுதியானது. பிளாக் 1950இல் ஊர் திரும்பினார்.

பிறகு அவரை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. நெஞ்சுவலிக்காரரின் இதயத்துக்கு ஆக்சிஜன் போதவில்லை. மற்றவர்கள் எல்லாரும் இதயத்துக்கு இன்னும் அதிக ஆக்சிஜன் கொடுப்பது எப்படி என்று தேடினார்கள். பிளாக் திருப்பிப் போட்டு யோசித்தார்: இதயம் கேட்கும் ஆக்சிஜனைக் குறைத்தால் என்ன? பயம் வந்தால் நெஞ்சு படபடப்பது அட்ரினலினால். அது இதய உயிரணுக்களின் மேலிருக்கும் 'பீட்டா ஏற்பி' என்ற பூட்டில் சாவிபோல் பொருந்தி, வேகமாகத் துடி என்கிறது. அந்தப் பூட்டில் திரும்பாத சாவி ஒன்றைச் செருகி அடைத்துவிட்டால்? 1960களின் தொடக்கத்தில் அவர் குழு உருவாக்கிய அந்தச் சாவிதான் புரோப்ரனோலால். 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போதுகூட அவர் மருந்துக்கும் குழந்தைகளின் சிவப்புக் கட்டிக்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

தொடர்பு தற்செயலாகத் தெரிந்தது. பிரான்ஸ் நாட்டின் போர்டோ நகரில் தோல் மருத்துவர் கிறிஸ்டின் லெயோத்தே-லாப்ரேஸ், மூக்கில் ஹெமாஞ்சியோமா இருந்த ஒரு குழந்தைக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தார். அன்றைய வழக்கப்படி ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. குழந்தையின் இதயத் தசை தடித்துப்போனது. இதயத்தைக் காப்பாற்றப் புரோப்ரனோலால் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் கடுஞ்சிவப்பு ஊதாவாக மாறியிருந்தது. தொட்டால் மெத்தென்று இருந்தது. ஸ்டீராய்டைக் குறைத்தும் கட்டி திரும்ப வளரவில்லை.

இந்த இடத்தில்தான் நான் என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்லும் 'கவனித்தல்' வருகிறது. இதயத்துக்காகக் கொடுத்த மருந்து. பார்க்க வேண்டியது இதயத்தை. மூக்கையும் பார்த்தார்கள். அடுத்து இன்னொரு குழந்தைக்கு, பிறகு மேலும் ஒன்பது குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பதினோரு குழந்தைகளிடம் கண்டதை 2008இல் ஒரு மருத்துவ இதழுக்குச் சிறிய கடிதமாக எழுதினார்கள். அந்தக் கடிதம் உலகெங்கும் சிகிச்சையையே மாற்றிவிட்டது.

பதினோரு பேர் போதுமா? போதாது. தானாகச் சுருங்கும் ஒரு கட்டிக்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது வேலை செய்வது போலத்தான் தோன்றும்! ஆகவே 460 கைக்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத வெறும் திரவமும் கொடுத்துச் சோதித்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. சரியான அளவில் ஆறு மாதம் மருந்து குடித்தவர்களில் 60 விழுக்காட்டினருக்குக் கட்டி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்தது. வெறும் திரவம் குடித்தவர்களில் 4 விழுக்காடு. கட்டுப்பாட்டுக் குழு எதற்கு என்று சோதனை அறிக்கை எழுதும்போது முணுமுணுப்பவர்கள் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள்.

இதில் இன்னொரு சுவாரசியம். புரோப்ரனோலால் மூலக்கூறு இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களின் கலவை. இதயத்தில் பூட்டை அடைப்பது ஒரு வடிவம் மட்டுமே. மற்றது அங்கே சும்மா இருக்கிறது. ஆனால் பாஸ்டனைச் சேர்ந்த ஜாய்ஸ் பிஷோஃபும் ஆஸ்திரேலியாவின் மத்தியாஸ் பிரான்சுவாவும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் சும்மா இருக்கும் வடிவம்தான் நாளங்களை வளரச் சொல்லும் 'சாக்ஸ்18' என்ற புரதத்தை முடக்குகிறது என்று தெரிந்தது. அந்த வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தால் இதயத்தைத் தொடாமல் கட்டியை அடக்கலாமா என்பது இப்போதைய கேள்வி. உங்களில் யாராவது விடை காணலாம்.

அதுவரை இதை வீட்டில் யாரும் தாமாகக் கொடுக்கக் கூடாது. தாத்தாவின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. இதயத் துடிப்பு தாழலாம், இரத்தச் சர்க்கரை இறங்கலாம், மூச்சு இரைக்கலாம். எங்கள் பாப்பாவுக்கு முதலில் இதயத்தைச் சோதித்து, மருத்துவமனையில் வைத்துத்தான் தொடங்கினார்கள். எடைக்கேற்ப அளந்த திரவம். பால் குடித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். பால் குடிக்காத வேளையில் மருந்தும் கிடையாது. தங்கை இந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள்.

நான் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். ஞாயிறுதோறும் அதே சன்னலருகே, அதே வெளிச்சத்தில், கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு 20 சென் நாணயத்தைப் பிடித்தபடி ஒரு படம். நாணயத்தின் அளவு மாறாது; அதை வைத்துக் கட்டியை அளந்துவிடலாம். முதல் மருந்துக்கு அடுத்த வாரப் படத்தில் கட்டி நிறம் மங்கி, இமை பாதிக்கு மேல் திறந்திருந்தது. மருத்துவர் அந்தப் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "யார் எடுக்கச் சொன்னது?" என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இடது விழியின் வளைவு இன்னும் முழுதாகச் சீராகவில்லை. அதனால் தினமும் சிறிது நேரம் நல்ல கண்ணை மறைத்து, இடது கண்ணுக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டுத்துணியைப் பிய்த்து எறிவதில் பாப்பா கெட்டிக்காரி. பாட்டிதான் அவளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளைச் சொல்லி, அந்த நேரத்தை ஓட்டுகிறார். கிரகணப் பேச்சை அவர் இப்போது எடுப்பதில்லை. தங்கையிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டு அத்தை மறுபடியும் ரம்புத்தானைப் பற்றி ஆரம்பித்தபோது மட்டும், "அது நச்சுக்கொடி சமாச்சாரமாம், பேத்தி சொன்னா. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்றார்.